ஆற்றோரப் பொந்துக்குக் குடிவந்த இருவாச்சிகள்

ஒரு காட்டில் மழை பெய்ய மறந்துவிட்டது. ஒரு வருடம் மறந்தது, சரி போகட்டும் என்று எல்லோரும் பொறுத்துக்கொண்டார்கள். மறு வருடமும் மறந்தது. அத்தி காய்க்கவில்லை, ஆல் பழுக்கவில்லை. பழம் தின்று பிழைக்கிற பறவைகள் எதைத் தின்னும்? ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின.

கடைசியாகக் கிளம்பியவர்கள் ஆலனும் அவன் மனைவி தும்பையும். இருவரும் இருவாச்சிகள்.

குழந்தைகளே, இருவாச்சியைப் பார்த்திருக்கிறீர்களா? ஆளைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஒரு மூக்கு போதாதென்று அதன்மேல் இன்னொரு மூக்கை ஒட்டிவைத்தது போல இருக்கும். பறந்தால் முறத்தில் புடைப்பது மாதிரி சத்தம் கேட்கும். ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை. அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அதைத் தெரிந்துகொண்டால்தான் இந்தக் கதை புரியும்.

முட்டையிடும் காலம் வந்தால் பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். உள்ளே இருந்தபடியே வாசலைச் சேறு வைத்துப் பூசிவிடும். அலகு நுழைகிற அளவுக்கு ஒரு சந்து மட்டும் விடும். உள்ளே இருக்கும்போது அதன் சிறகிறகுகள் எல்லாம் உதிர்ந்துபோகும். குஞ்சுகள் வளர்ந்து, தாய்க்கும் இறகு முளைக்கிற வரைக்கும் ஆண் பறவைதான் பழம் கொண்டுவந்து அந்தச் சந்து வழியாக ஊட்ட வேண்டும். அதனால், வேறு எதில் ஏமாந்தாலும் வீடு பிடிக்கிற விஷயத்தில் மட்டும் இருவாச்சி ஏமாறவே கூடாது.

ஆலனும் தும்பையும் மலைகளைத் தாண்டிப் பறந்தார்கள். இறக்கை ஓய்ந்துபோகிற நேரத்தில் ஒரு பச்சைக் காடு தெரிந்தது. நடுவில் ஆறு. எங்கே பார்த்தாலும் பழம். வயிறார உண்டார்கள். பிறகு, காலியாகத் தெரிந்த ஒரு பொந்தில் போய் உட்கார்ந்தார்கள்.

உடனே ஒரு மரங்கொத்தி வந்தது. "யாரைக் கேட்டு உள்ளே வந்தீர்கள்?" என்றது.

"எங்கள் காட்டில் காலிப் பொந்து கண்டால் உட்கார்ந்துவிடுவோம்" என்றான் ஆலன்.

"அது உங்கள் காட்டில். இங்கே ஒவ்வொரு பொந்துக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. உங்களுக்காக யார் சொல்வார்கள்?"

"அப்படியென்றால்?"

"இந்தக் காட்டில் பிறந்த ஒருவர் வந்து, 'இவர்கள் நல்லவர்கள், நான் பொறுப்பு' என்று சொல்ல வேண்டும். அப்போதுதான் இடம்."

"நாங்கள் இன்றைக்குத்தானே வந்திருக்கிறோம். எங்களை யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாதவர்களை நான் மட்டும் எப்படி வைத்துக்கொள்வது?" என்று சொல்லிவிட்டு மரங்கொத்தி தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது.

அடுத்த மரத்தில் ஓர் ஆந்தை. "உங்கள் இறக்கைச் சத்தம் என் பகல் தூக்கத்தைக் கெடுக்கும்" என்று கண்ணைக்கூடத் திறக்காமல் சொன்னது.

அதற்கடுத்து ஒரு குரங்கு. "எத்தனை பேர்?" என்று கேட்டது.

"இரண்டே பேர்தான்."

குரங்கு தும்பையின் வயிற்றை மேலும் கீழும் பார்த்தது. "இரண்டா? எனக்கு எண்ணத் தெரியாது என்று நினைத்தாயா? போ, போ" என்று விரட்டியது.

இப்படியே போனது. ஆலன் அவனுடைய காட்டில் நாலு பேர் மதிக்க வாழ்ந்தவன். அவன் பறக்கிற சத்தம் கேட்டாலே "ஆலன் போகிறான்" என்று சொல்வார்கள். இங்கேயோ அவனைக் கண்டதும் எல்லோரும் முகத்தைச் சுளித்தார்கள். சுளித்த முகங்களைப் பார்த்துப் பார்த்து, யாரிடமும் வாய் திறக்கவே அவனுக்குப் பயம் வந்துவிட்டது. பாவம், அவனைக் குறை சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை.

"எனக்கு நாள் நெருங்கிவிட்டது" என்றாள் தும்பை. "முட்டையைக் கிளையிலா வைக்க முடியும்?"

ஆலன் அலகைக் கிளையில் தேய்த்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் கீழேயிருந்து ஒரு குரல் கேட்டது. "என்ன, வீடு தேடுகிறீர்களோ?"

எட்டிப் பார்த்தார்கள். ஒரு மரநாய் நின்றுகொண்டிருந்தது. அந்தக் காட்டில் அவனை, நிலம் நீச்சு உள்ளவன் போல, மிராசு என்று கூப்பிடுவார்கள். இத்தனைக்கும் ஒரு செடிகூட நட்டவன் இல்லை. வாய் மட்டும் சர்க்கரை.

"நம்மிடம் ஒரு பொந்து சும்மா கிடக்கிறது. வந்து பாருங்களேன்" என்றான்.

ஆற்றோரத்தில், மிராசு குடியிருந்த பாறை இடுக்குக்குப் பக்கத்தில், ஒரு பெரிய நீர்மருது மரம். அதன் மேல்பொந்து விசாலமாக, ஈரமில்லாமல் இருந்தது. சில்லென்று காற்று வந்தது. தும்பை உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தாள். நெடுநாளைக்குப் பிறகு அவள் முகம் தெளிந்தது.

"வாடகை என்ன, ஐயா?" என்று ஆலன் தயங்கிக் கேட்டான்.

"என்ன பெரிய வாடகை! அக்கரையில் அத்தி பழுத்துக் கிடக்கிறது. எனக்கோ ஆறு தாண்ட முடியவில்லை. தினம் விடிந்ததும் எனக்குக் கொஞ்சம் பழம் கொண்டுவந்து போடு. அதற்கப்புறம் உன் வீட்டுக்காரிக்குக் கொண்டுபோ."

"உள்ளூரில் யாராவது எங்களுக்காகச் சொல்ல வேண்டுமாமே?"

"நான் உள்ளூர்க்காரன்தானே? நானே சொல்லிவிட்டேன், போ" என்று மிராசு சிரித்தான்.

தும்பைக்கு ஒரு சந்தேகம். "இவ்வளவு நல்ல பொந்தை விட்டு நீங்கள் ஏன் பாறை இடுக்கில் இருக்கிறீர்கள், ஐயா?" என்று கேட்டாள்.

"இடுப்புவலி, அம்மா. ஏறி இறங்க முடியவில்லை" என்றான் மிராசு. சொல்லிவிட்டு ஆலனைத் தனியாகக் கூப்பிட்டான்.

"இதோ பார். அக்கம்பக்கத்தில் பேச்சு வைத்துக்கொள்ளாதே. வெளியூர்க்காரன் என்றாலே இவர்களுக்கு ஆகாது. நான் எவ்வளவோ சமாளித்துத்தான் உனக்கு இடம் தருகிறேன். நீ பாட்டுக்கு யாரிடமாவது எதையாவது கேட்டு வைத்தால் கூடிப் பேசி உன்னைத் துரத்திவிடுவார்கள். புரிந்ததா?"

ஆலன் தலையை ஆட்டினான். அவனுக்கு நன்றாகவே புரிந்தது. இத்தனை நாளும் பட்டது அப்படித்தானே?

மிராசு அதோடு நிற்கவில்லை. நேராக அக்கம்பக்கத்தாரிடம் போனான். பக்கத்து மேட்டில் ஒரு மலை அணில், புதரில் ஒரு மைனா, அதற்கும் கீழே வளையில் ஒரு முள்ளம்பன்றி. "புதுசாகக் குடிவந்திருக்கிறார்கள்" என்றான். "பெரிய இடத்துப் பறவைகளாம். நம்மைப் போன்றவர்களோடு பேசமாட்டார்களாம். வாயைக் கொடுத்து அவமானப்படாதீர்கள்."

"பேசாவிட்டால் போகட்டும், எனக்கென்ன வந்தது?" என்றது முள்ளம்பன்றி.

"அந்த மரத்திலா குடிவைத்தாய்?" என்று அணில் இழுத்தது.

"அவர்களுக்கு எல்லாம் தெரியும். சொல்லித்தான் வைத்திருக்கிறேன்" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டுப் போய்விட்டான் மிராசு. எப்படிப்பட்ட ஆள், பாருங்கள்!

மறுநாள் தும்பை பொந்துக்குள் உட்கார்ந்தாள். ஆலன் ஆற்றிலிருந்து சேறு கொண்டுவந்து கொடுத்தான். அவள் வாங்கி வாங்கிப் பூசினாள். வாசல் பாதி மூடியதும் நிறுத்திக்கொண்டாள்.

"ஏன் நிறுத்திவிட்டாய்?" என்றான் ஆலன்.

"ஒன்று கேட்க வேண்டும். அக்கம்பக்கத்தில் விசாரித்தீர்களா? இந்த மரம் எப்படி, மழை வந்தால் ஆறு எப்படி என்று?"

ஆலன் திரும்பிப் பார்த்தான். மேட்டு மரத்தில் அணில் உட்கார்ந்து பலாக்கொட்டை கொறித்துக்கொண்டிருந்தது. கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். கூப்பிட்டிருக்கலாம். ஆனால் மிராசு சொன்னது நினைவுக்கு வந்தது. மரங்கொத்தி, ஆந்தை, குரங்கு எல்லாரும் நினைவுக்கு வந்தார்கள். இந்த இடமும் போய்விட்டால் இவளை எங்கே கொண்டுபோய் வைப்பேன் என்று நினைத்தான்.

"கேட்டேன்" என்றான்.

"என்ன சொன்னார்கள்?"

"நல்ல மரம் என்றார்கள். நீ பயப்படாமல் பூசு."

பச்சைப் பொய், குழந்தைகளே. அவளை ஏமாற்ற வேண்டும் என்று அவன் சொல்லவில்லை. அவள் நிம்மதியாக இருக்கட்டும் என்றுதான் சொன்னான். ஆனாலும் பொய் பொய்தான்.

தும்பை அவனை நம்பினாள். மிச்ச வாசலையும் பூசி மூடிக்கொண்டாள்.

அன்றிலிருந்து ஆலனுக்கு ஓயாத வேலை. விடிந்ததும் அக்கரைக்குப் பறப்பான். பறித்த பழத்தை முதலில் மிராசுக்குப் போடுவான். மிராசு தின்றுவிட்டு, "இன்று கொஞ்சம் குறைவாக இருக்கிறதே" என்பான். மறுபடியும் பறப்பான். அதற்குப் பிறகுதான் தும்பைக்கு. தனக்கென்று எதுவும் மிஞ்சாது. நாளாக ஆக ஆலன் எலும்பும் தோலுமாகிவிட்டான். ஆனாலும் சந்தின் வழியாக அவள் அலகு வெளியே நீண்டதும் களைப்பெல்லாம் பறந்துவிடும்.

"உடம்பு சரியில்லையா? குரல் கம்மியிருக்கிறதே" என்று அவள் உள்ளேயிருந்து கேட்பாள்.

"நன்றாகத்தான் இருக்கிறேன். நீ சாப்பிடு" என்பான்.

ஒருநாள் அவன் பழத்தை நீட்டியபோது உள்ளேயிருந்து வேறு குரல்கள் கேட்டன. கீச், கீச் என்று இரண்டு சின்னக் குரல்கள். அவன் சந்தில் கண்ணை வைத்துப் பார்த்தான். இறகில்லாத, கண் திறக்காத இரண்டு குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டு இருந்தன.

"உங்களைப் போலவே பசி தாங்காது இரண்டுக்கும்" என்றாள் தும்பை.

ஆலனுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இந்த ஊருக்கு வந்ததும் நல்லதுதான் என்று அவனுக்கு அன்றைக்குத் தோன்றியது.

அவர்களுடைய காட்டில் குஞ்சு பறந்து போன பிறகுதான் மழை வரும். இந்தக் காட்டில் அப்படி இல்லை. மலைக்கு மேலே மேகம் கூடத் தொடங்கியதும், ஆற்றோரத்து மரங்களில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக மேட்டுக்கு ஏறிவிட்டார்கள். ஆலனும் அதைப் பார்த்தான். ஏன் போகிறார்கள் என்று கேட்க நினைத்தான். நினைத்ததோடு சரி.

அணிலுக்கு மனசு கேட்கவில்லை. நல்ல பிராணி. பேசமாட்டார்கள் என்று மிராசு சொல்லியிருந்தும் ஒருநாள் கிளை கிளையாகத் தாவி வந்தது.

"அண்ணே, உங்களிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும்" என்று ஆரம்பித்தது.

துரத்துவதற்கு ஆள் வந்துவிட்டது என்று ஆலன் நினைத்துக்கொண்டான். "நாங்கள் வாடகை ஒழுங்காகக் கொடுக்கிறோம்" என்று படபடவென்று சொன்னான். "எங்களால் யாருக்கும் ஒரு தொந்தரவும் வராது. குஞ்சு வளர்ந்ததும் நாங்களே போய்விடுவோம். எங்களை விட்டுவிடுங்கள்."

"நான் அதைச் சொல்ல வரவில்லை, அண்ணே."

அதற்குள் ஆலன் பறந்துவிட்டான். அணிலுக்கு முகம் தொங்கிப்போனது. "மிராசு சொன்னது சரிதான். முகம் கொடுத்துப் பேசக்கூட மாட்டேன் என்கிறார்" என்று முனகிக்கொண்டே திரும்பிப் போனது.

ஆலன் திரும்பி வந்ததும் தும்பை கேட்டாள். "யாரோ பேசினார்களே, யார் அது?"

"யாருமில்லை. சும்மா" என்றான் ஆலன்.

இது இரண்டாவது பொய்.

ஒரு நாள் மலையில் இடி இடித்தது. அன்று காலை ஆலன் பழத்தோடு போனபோது பாறை இடுக்கில் மிராசைக் காணவில்லை. ஒருநாளும் வாடகையை விடாத மிராசு எங்கே போனான் என்று யோசித்தபடி ஆலன் மரத்தைப் பார்க்கத் திரும்பினான்.

மரம் சாய்ந்திருந்தது.

புதுவெள்ளம் செந்நிறமாகப் பொங்கி வந்துகொண்டிருந்தது. கரை மண் பாளம் பாளமாகச் சரிந்து விழுந்தது. நீர்மருதின் வேர்கள் பிடிக்க மண்ணில்லாமல் தண்ணீரில் தொங்கின. ஆலன் அலகிலிருந்த பழத்தைத் துப்பிவிட்டுப் பொந்துக்குப் பாய்ந்தான்.

"தும்பை! வெளியே வா, உடனே வா!"

"என்ன ஆயிற்று? ஏன் மரம் ஆடுகிறது?"

"கேட்காதே, உடை!"

அவன் வெளியேயிருந்து கொத்தினான். அவள் உள்ளேயிருந்து கொத்தினாள். இருவாச்சி பூசிய சுவர் லேசில் உடையாது. பாம்பு வரக்கூடாது, குரங்கு கை வைக்கக்கூடாது என்று பார்த்துப் பார்த்துப் பூசிய சுவர் அது. வெயிலில் காய்ந்து கல்லாகியிருந்தது. ஆலனின் அலகு ஓரத்தில் ரத்தம் வந்தது. ஒருவழியாகச் சுவர் பிளந்தது.

"முதலில் பிள்ளைகளை வாங்குங்கள்" என்று தும்பை ஒரு குஞ்சை முன்னால் தள்ளினாள்.

அதற்குள் மரம் சடசடவென்று முறிந்தது. ஆட்டத்தில் குஞ்சு உள்ளே உருண்டது. தும்பை வெளியே வீசப்பட்டாள். அவளுக்குத்தான் சிறகிறகு இல்லையே, எப்படிப் பறப்பாள்? கரைச் சேற்றில் போய் விழுந்தாள். விழுந்த வேகத்திலேயே எழுந்து, மொட்டைச் சிறகுகளை அடித்துக்கொண்டு, நடந்தே ஆற்றுக்குள் இறங்கப் பார்த்தாள். ஆலன் அவளைப் பிடித்து இழுத்தான்.

மரம் ஒருமுறை புரண்டது. பிறகு ஆற்றோடு போனது. தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே இரண்டு சின்னக் குரல்கள் கொஞ்ச தூரம் வரைக்கும் கேட்டன. அப்புறம் கேட்கவில்லை.

இதைச் சொல்ல எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சத்தம் கேட்டு மேட்டிலிருந்து எல்லோரும் இறங்கி வந்தார்கள். தும்பை சேற்றிலேயே உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் அவளைச் சுற்றி நின்றார்கள்.

"போன மழைக்குப் பக்கத்து மரம் போனது. இந்த மழைக்கு இது போகும் என்று தெரிந்ததுதான்" என்று முள்ளம்பன்றி தனக்குத்தானே பேசுவது போலச் சொன்னது.

தும்பை தலையை நிமிர்த்தினாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும், அம்மா. மண் தோண்டிப் பிழைக்கிறவன் நான். கரைக்கு அடியில் மண்ணே இல்லை என்று எனக்குத் தெரியாதா?"

"எனக்கும் தெரியும்" என்றது மைனா. "மிராசு இந்தப் பொந்தை விட்டு இறங்கியதே அதனால்தான்."

"பிறகு ஏன் ஒருவர்கூடச் சொல்லவில்லை?"

 மைனா மெல்லச் சொன்னது. "நீங்கள் கேட்கவில்லையே. எங்களோடு பேசமாட்டீர்கள் என்று மிராசு சொன்னான்."

"நான் ஒருநாள் வந்தேன், அக்கா" என்றது அணில்.  "அண்ணன் காது கொடுக்கவில்லை. நானும் கோபித்துக்கொண்டு போய்விட்டேன். இன்னொரு தடவை வந்திருக்க வேண்டும்."

தும்பை ஆலன் பக்கம் திரும்பினாள்.

"விசாரித்தேன் என்றீர்களே?"

ஆலன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"வாசலை மூடிக்கொண்டு உள்ளே இருந்தேன். எனக்குக் கண்ணும் காதும் நீங்கள்தானே?" என்றாள் தும்பை.

 

மிராசுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை. ஆற்றின் கீழ்ப்பக்கம் போய், வேறொரு மரத்தைக் காட்டி, வேறு யாரையோ குடிவைக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று கேள்வி. எனக்கும் கோபம்தான். அவன் வாலைப் பிடித்து முதலை இழுத்தது என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. அப்படி நடக்கவில்லையே, நான் என்ன செய்ய?

தும்பைக்கு இறகு முளைக்கிற வரைக்கும் முள்ளம்பன்றி தன் வளையில் இடம் கொடுத்தது. நரி வந்தால் முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு வாசலில் நின்றது. அணில் பழம் உருட்டிக் கொண்டுவந்தது. ஆலனும் கொண்டுவந்தான். அவன் கொடுத்ததையும் தும்பை தின்றாள். ஆனால் முன்பு போல, "நீங்கள் சாப்பிட்டீர்களா?" என்று கேட்கவில்லை.

அந்த மழை போய் அடுத்த பருவம் வந்தது. மறுபடியும் வீடு பார்க்க வேண்டியிருந்தது. இந்தத் தடவை ஆலனை உட்காரச் சொல்லிவிட்டுத் தும்பையே கிளம்பினாள். மேட்டில் இருந்த ஒரு பொந்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, அந்த மரத்தைச் சுற்றி இருந்த ஒவ்வொருவரிடமும் போனாள்.

"இந்த மரம் எப்படி?" என்று கேட்டாள்.

"நல்ல மரம். வேர் பாறைக்குள் இறங்கியிருக்கிறது" என்றது ஒரு கீரி.

"மழைக்கு ஒழுகுமா?"

"ஒழுகாது. மேல்காற்று அடித்தால் கொஞ்சம் சாரல் வரும். வாசலைக் கிழக்கே தள்ளிப் பூசிக்கொள், அம்மா" என்றது ஒரு குயில்.

"பாம்பு உண்டா?"

"கீழ்ப்பொந்தில் முன்பு ஒன்று இருந்தது. இப்போது இல்லை. இருந்தால் நான் குரல் கொடுக்கிறேன்" என்று சொன்னது யார் தெரியுமா? முதல் நாள் அவர்களை விரட்டிய அதே மரங்கொத்தி. இப்போது அதற்கு அவர்களைத் தெரியுமே.

கேட்ட இடத்திலெல்லாம் பதில் கிடைத்தது. யாரும் முகம் சுளிக்கவில்லை. யாரும் துரத்தவில்லை. ஒரு வாய் கேட்டால் போதும், இவ்வளவு சொல்கிறார்கள். அதை நினைத்தபோதுதான், ஆற்றங்கரையில்கூட அழாத தும்பை, அந்தக் கிளையில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதாள்.

நீதி: புதிய ஊரில் குடிபோகிறவர் வெட்கப்படாமல் நாலு பேரைக் கேட்க வேண்டும், அந்த ஊரில் இருக்கிறவர், கேட்கட்டும் என்று காத்திராமல் தெரிந்ததைச் சொல்ல வேண்டும்.